ஞாயிற்றுக்கிழமைப் பாதரசம்

மார்ச் 9

அம்மா அவர்களுக்கு,

"அவர் பொய் சொன்னார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை."

அன்று அந்த நிருபரிடம் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். ஏழு சொற்கள். வாய்வரை வந்தன, நான் விழுங்கிவிட்டேன்.

செய்தித்தாள் அலுவலகம் வழியாக வந்த உங்கள் கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. "கலங்கரை விளக்கக் காவலர் என் தாத்தா. செத்தவரைப் பொய்யர் என்று சொல்ல நீ யார்?" இரண்டாவது வரி கேள்வி என்பதால் பதில் எழுதுகிறேன்.

நான் ஒரு பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள் அறையில் வேலை செய்கிறேன். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை ஒரு பல்செட்டு, இவற்றுக்குச் சீட்டு கட்டி அலமாரியில் அடுக்குவது என் வேலை. ஆறு மாதமாக யாரும் தேடி வராத புத்தகங்களை நான் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் அந்த வேலையில் உள்ள ஒரே ஆடம்பரம். மதிய இடைவேளையில் இன்னொன்றும் செய்கிறேன். ஓர் ஆய்வு நிறுவனம் பழைய வானிலைப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்துகளைப் படித்து எண்களைத் தட்டச்சு செய்து தருவது எங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான். ஒரே பக்கத்தை மூன்று பேர், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், தட்டச்சு செய்வோம். பட்டம் எதுவும் கேட்கமாட்டார்கள். கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

அப்படித்தான் உங்கள் தாத்தாவின் பதிவேடு என்னிடம் வந்தது. எண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. காற்றழுத்தமானியில் பாதரசம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எழுதியிருக்கிறார். இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. அவர் மைத்தூளைத் திங்கட்கிழமைதோறும் கரைத்திருக்க வேண்டும். திங்களன்று எழுத்து நல்ல கறுப்பு. தண்ணீர் சேர்த்துச் சேர்த்து சனிக்கிழமைக்குள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஞாயிறு இன்னும் வெளிறியிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் தொடர்ந்து நூற்று அறுபத்துநான்கு ஞாயிறுகள் திங்கட்கிழமைக் கறுப்பில் இருக்கின்றன. அதாவது, மறுநாள் எழுதப்பட்டவை. அடுத்தது: அவற்றில் முதல் தொண்ணூற்றேழு ஞாயிறுகளில், சனிக்கும் திங்களுக்கும் நடுவே வரவேண்டிய அளவைவிடப் பாதரசம் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. பிறகு அந்தக் குறை மாயமாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் செய்திக்குறிப்பில் போட்டார்கள். நிருபர் வந்தார்.

"அப்போ மனுஷன் ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்கிட்டு, திங்கக்கிழமை வாய்க்கு வந்ததை எழுதிட்டாரு. அப்படித்தானே?"

"அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

"அப்புறம் எப்படிச் சரியாச்சு? பொய்யில தேறிட்டாருன்னு போட்டுக்கலாமா?"

நான் சிரித்தேன். நான் பேசுவதை ஒருவர் எழுதிக்கொள்வது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் போதையில் சிரித்துவிட்டேன். மறுநாள் "எண்பது ஆண்டுப் பொய்யைப் பிடித்த பேருந்து நிலையப் பெண்" என்று என் படத்தோடு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் படத்தில் இருப்பது.

மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் போதாது என்பதும் தெரிகிறது.

தொலைந்த பொருள் அறையிலிருந்து,
நீங்கள் கேட்ட 'நீ'


மார்ச் 15

படம் வந்த பெண்ணுக்கு,

சிரித்தேன் என்று ஒப்புக்கொண்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லையென்றால் உன் கடிதத்தைக் கத்தரித்துக் காலர் வெட்ட மாதிரித்தாள் ஆக்கியிருப்பேன். நான் தையல்காரி. துறைமுகத்துக்கு மேலே உள்ள தெருவில் கடை. ஐம்பத்து நான்கு வயது. கணினி உண்டு, பொத்தான் வாங்கத்தான் திறப்பேன். திட்டுவதற்குக் காகிதம்தான் வசதி.

என் அப்பாவுக்கு எண்பத்தெட்டு. நீ பொய்யராக்கியது அவருடைய அப்பாவை. கண்ணும் காதும் அவருக்கு இன்னும் தெளிவு, அதுதான் தொல்லை. செய்தித்தாளை விளம்பரம் உட்பட எழுத்து விடாமல் படிப்பவர். அன்று உன் பக்கத்தைப் படித்தார், நான்காக மடித்தார், தலையணைக்கு அடியில் வைத்தார். மாலையில் கடலோரப் பெஞ்சில் அவருக்கு நான்கு சகாக்கள் உண்டு. அங்கே போவதை நிறுத்திவிட்டார். அதில் ஒருவர் நேற்று வாசலில் நின்று, "என்னப்பா, நாளைக்கு மழையா வெயிலா? உங்கப்பா நோட்டைப் பார்த்துச் சொல்லேன்" என்றார். வேடிக்கைக்குத்தான். அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை.

உன் கடிதத்தில் ஒன்று எனக்கு இடிக்கிறது. முப்பது வருடமாக அளவெடுக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். சோம்பேறி தைத்தால் ஒரு சட்டை நீளும், ஒன்று சுருங்கும், ஒன்றில் கை கோணும். தொண்ணூற்றேழு சட்டையும் ஒரே இடத்தில் ஒன்றரை நூல் குறைந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. டேப்பில் கோளாறு. வாய்க்கு வந்ததை எழுதுகிற வாய் இவ்வளவு ஒழுங்காகவா எழுதும்?

படித்தவர்களுக்கு இது தோன்றாதா?

தையல்காரி


மார்ச் 19

அம்மா,

தோன்றவில்லை. மூன்று மாதம் அந்த எண்களோடு இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. நிறுவனத்தின் ஆய்வாளருக்கும் தோன்றவில்லை. உங்கள் கடிதம் வந்த மதியம் சாப்பிடாமல் தொண்ணூற்றேழு ஞாயிறுகளையும் மறுபடி வரிசைப்படுத்தினேன். காற்றழுத்தம் ஏறும் வாரத்தில் ஞாயிறும் ஏறுகிறது, இறங்கும் வாரத்தில் இறங்குகிறது. கற்பனையாக எழுதியவருக்கு வானம் அன்று ஏறியதா இறங்கியதா என்று எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார். பார்த்த விதத்தில்தான் ஒன்றரை மில்லிமீட்டர் தொலைந்திருக்கிறது.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கில்லை. நிலைய மேலாளர் செய்தியை வெட்டிக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டியிருக்கிறார், எல்லோர் கண்ணிலும் படும் என்று. என் அம்மா பன்னிரண்டு பிரதிகள் வாங்கினார். பக்கத்து வீட்டு அக்கா, "எண்பது வருஷத்துக்கு முன்னாடி பொய் சொன்னவரையே பிடிச்சுட்டே. எங்க வீட்டுக்காரரை ஒரு அரைமணி நேரம் பார்த்துச் சொல்லேன்" என்கிறார். தொலைக்காட்சியிலிருந்து வந்தார்கள். என்னை ஒரு ஏணியில் ஏற்றி, அலமாரியிலிருந்த முப்பது குடைகளையும் விரித்து என்னைச் சுற்றி வைத்து, தூரத்தில் கப்பலைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார்கள். எதிரே சுவர்தான். பார்த்தேன். அதை ஏராளமானவர்கள் பார்த்துவிட்டார்களாம். எண்களைப் பற்றி நான் பேசிய ஏழு நிமிடம் வரவில்லை, குடைகள் வந்தன.

இப்போது முக்கியமானது. மே 12 அன்று நிறுவனம் எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றாக வெளியிடுகிறது. அதன்பிறகு உலகில் எந்த ஆய்வாளரும் எடுத்துக்கொள்வது அதைத்தான். உங்கள் தாத்தாவின் நூற்று அறுபத்துநான்கு ஞாயிறுகளையும் "நம்பத்தகாதவை" என்று குறித்து நீக்கப்போகிறார்கள். என் கண்டுபிடிப்பால். அந்த ஞாயிறுகளில் ஐம்பத்தெட்டாவது ஒரு பெரும் புயல். அந்தக் கரையில் வேறு எந்தக் கருவியும் அன்று தப்பவில்லை. அந்த ஒரு எண்ணையும் சேர்த்து அழித்துவிடுவார்கள்.

உங்கள் அப்பாவிடம் கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்ன நடந்தது?

தொலைந்த பொருள் அறையிலிருந்து


மார்ச் 27

பெண்ணே,

ஐந்து நாள் கேட்டேன். ஐந்து நாளும் "எனக்கு என்ன தெரியும், அப்போ எனக்கு அஞ்சு வயசு" என்றார். நேற்று ஒரு பொத்தானைக் கையில் உருட்டிக்கொண்டே, நான் கேட்காதபோது, சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அப்பா இருக்க மாட்டாரு."

அவருடைய அம்மாவுக்குக் காச நோய். உள்ளூரில் வைத்தியம் இல்லை, கரைக்கு அப்பால் மலையில் ஒரு மருத்துவமனை. நோயாளியைப் பார்க்க அனுமதி ஞாயிறு மட்டும். விடியும் முன் விளக்கு நிற்கும் தீவிலிருந்து மீன் படகில் கரைக்கு, அங்கிருந்து லாரி, பார்ப்பது ஒரு மணி நேரம், திரும்பி வரத் திங்கள் காலை. மூன்று வருடம் சொச்சம், ஒரு வாரம் தவறவில்லை. பாட்டி பிழைத்து வந்தார், அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருந்தார், என்னை இடுப்பில் தூக்கியிருக்கிறார். அவர் வந்த பிறகு தாத்தா ஒரு ஞாயிறும் விளக்கை விட்டு நகரவில்லை.

"அப்போ விளக்கை யார் ஏத்தினா?" என்றேன்.

"வேற யாரு? குட்டையத்தைதான்."

தாத்தாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவர், அவர்களோடு இருந்தார். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். வீடு முழுக்கக் குட்டையத்தைதான்.

இதை நீ எங்கும் எழுதக் கூடாது. காவலர் அனுமதி இல்லாமல் விளக்கை விட்டுப் போனால் அன்றே வேலை போய்விடும் என்பது சட்டம். விடுப்புக் கேட்டால் மாற்று ஆள் வருவான், மாற்று ஆள் வந்தால் வீடும் போகும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பொய்யர் என்ற பட்டத்தை எடுத்துவிட்டு, பொறுப்பை விட்டு ஓடியவர் என்ற பட்டத்தைக் கட்டுவாய். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதை எங்களுக்கு வேண்டாம்.

அப்பா சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் உனக்கு எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

தையல்காரி


ஏப்ரல் 1

அக்கா,

அம்மா என்று அழைக்க இனி வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் அப்பா சொன்னால் ஒழிய ஒரு எழுத்து வெளியே போகாது. வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். உரியவர் வந்து கேட்கும்வரை பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது.

ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். குட்டையத்தை எவ்வளவு குட்டை?

ஏன் கேட்கிறேன் என்றால், பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேகமுள்ளைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு நாற்பதில் நிற்கும் முள் நமக்கு முப்பத்தைந்தில் தெரியும். முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் நகர்ந்து தெரிகிறது. பழைய காற்றழுத்தமானியும் அப்படித்தான். எண்கள் பொறித்த தகடு முன்னால், பாதரசக் குழாய் கொஞ்சம் பின்னால். கண் பாதரசத்துக்கு நேராக இருக்க வேண்டும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு.

பதிவேட்டின் முதல் பக்கத்தில், "கருவி காவலரின் கண் மட்டத்தில் மாட்டப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. உங்கள் தாத்தா உயரமானவரா?

அத்தை பார்த்து ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருப்பார். அவர் கையெழுத்து பதிவேட்டில் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் திங்களன்று தாத்தா புது மை கரைத்து அதைப் பார்த்து எழுதியிருப்பார். திங்கட்கிழமை மை என்றால் திங்கட்கிழமைக் கற்பனை என்று நினைத்ததுதான் என் பிழை. பிரதி எடுப்பதைப் பொய் என்று நினைத்துவிட்டேன். நாள் முழுவதும் பிரதி எடுக்கும் நான்!

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. தொண்ணூற்றெட்டாவது ஞாயிறு ஏன் சரியானது? அத்தை வளர்ந்திருக்க முடியாது.

தொலைந்த பொருள் அறையிலிருந்து


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அத்தையின் மழைக்கோட்டு அதில் இருக்கிறது, தார் பூசிய கித்தான், அவர் கையால் தைத்தது. தொழில் என் குடும்பத்தில் அவரிடமிருந்துதான் தொடங்கியது. போட்டுப் பார்த்தேன். தோள் சரி, கை சரி, கீழ்விளிம்பு முழங்காலுக்கு ஒரு விரல் கீழே, கோட்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே. ஒரு பிடி துணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் குட்டை, நானும் குட்டை. தாத்தா சீருடையில் நிற்கும் புகைப்படத்தில் பொத்தான் வரிசையை எண்ணிப் பார்த்தேன், அவர் ஆறடிக்குக் குறையாது.

கலங்கரை விளக்கம் இப்போது தானாக எரிகிறது. சாவி துறைமுக அலுவலகத்தில். அங்கே இருக்கும் குமாஸ்தா நெட்டை, ஊரில் எல்லோரும் கொக்கு என்பார்கள். அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். "கோட்டு எதுக்கு, மழையே இல்லையே?" என்றான். "அளவுக்கு" என்றேன். பைத்தியம் என்று முடிவுகட்டிப் பேசாமல் வந்தான்.

கருவி இன்னும் அதே சுவரில் இருக்கிறது. யாரும் தொடவில்லை, பாதரசம் பளபளவென்று நிற்கிறது. கொக்கு பார்த்து ஒரு எண் சொன்னான். நான் தரையில் நின்று அண்ணாந்து பார்த்து ஒரு எண் சொன்னேன். ஒருவர் சொன்னதை ஒருவர் பார்க்காமல் தனித்தனித் தாளில் எழுத வைத்தேன், உங்கள் மூன்று பேர் முறை மாதிரி. இருபது தடவை. இருபது தடவையும் நான் குறைவு. கூட்டிப் பங்கிட்டால் ஒன்றரை மில்லிமீட்டரும் ஒரு துளியும்.

கொக்குக்கு அப்போதுதான் சூடு பிடித்தது. "அக்கா, நான் குனிஞ்சு பார்க்கட்டுமா? மண்டி போட்டுப் பார்க்கட்டுமா?" என்று தரையெல்லாம் தவழ்ந்தான். பின்வாங்கும்போது எதிலோ கால் தடுக்கி விழுந்தான்.

அது என்ன தெரியுமா? கருவிக்கு நேர் கீழே, சுவர் ஓரம், ஒரு படி. கருங்காலிப் பலகை, நான்கு திருகாணி, ஒரு சாண் உயரம். செருப்பு வைக்கும் பலகை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் ஏறி நின்றேன்.

பாதரசம் என் கண்ணுக்கு நேரே வந்தது. கொக்கு சொன்ன எண்ணும் நான் சொன்ன எண்ணும் ஒன்று. இன்னொரு இருபது தடவை. ஒன்றேதான்.

டேப் வைத்து அளந்தேன். தரையில் நின்றால் என் கண்ணுக்கும் பாதரசத்துக்கும் உள்ள தூரமும் அந்தப் படியின் உயரமும் கால் விரற்கடைகூட வித்தியாசம் இல்லை. அத்தைக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார் அந்த மனிதர்.

நான் அங்கேயே அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். கொக்கும் எதற்கென்று தெரியாமல் அழுதான்.

எண்பது தாளையும் இதோடு அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

தாள்களைப் பேருந்து நிலையத்தில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தன் குடையைக் கேட்டு நான்கு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஞாயிறுகள் குறைவதை உங்கள் தாத்தா தானே கவனித்திருக்கிறார். எண்பத்து மூன்று ஆண்டு கழித்து நான் கண்டுபிடித்ததை அவர் தொண்ணூற்றேழாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். படி செய்தார். ஆனால் பழைய எண்களைத் தொடவில்லை. பதிவேடு அவரிடம்தான் இருந்தது. மையும் அவரிடம்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றிலும் ஒன்றரையைக் கூட்டி எழுதியிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நானும் ஒன்றும் கண்டிருக்கமாட்டேன். தங்கை பார்த்தது எதுவோ அதை அப்படியே விட்டுவிட்டார். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை.

இதை ஆய்வாளரிடம் சொன்னால் ஞாயிறுகள் தப்பும். சொல்ல உங்கள் அப்பா அனுமதிக்க வேண்டும். அனுமதிக்காவிட்டால் சொல்லமாட்டேன். மே 12 வரும், போகும். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தங்கை


ஏப்ரல் 18

தங்கச்சி,

படித்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார், விளக்கு தெரியும் பக்கம்.

"எழுதச் சொல்லு" என்றார். "போனாருன்னும் எழுதச் சொல்லு. எங்க அம்மாவைப் பார்க்கப் போனாருன்னும் எழுதச் சொல்லு. விளக்கு ஒரு நாள் அணைஞ்சிருந்தா அது தப்பு. அணையவே இல்லையே! அத்தை இருந்தாங்களே!"

பிறகு இன்னொன்றும் சொன்னார். புயலில் திரும்பி வரப் படகு கிடைக்கவில்லை. தாத்தா செவ்வாய்க்கிழமைதான் திரும்பினார். அதனால் அந்தத் திங்கட்கிழமையும் அத்தைதான். உன் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "அந்தப் பொண்ணு ஒண்ணை விட்டுட்டா" என்று எண்பத்தெட்டு வயதில் என்ன ஒரு சந்தோஷம்!

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

விட்டுத்தான் இருந்தேன். அந்தத் திங்களும் ஒன்றரை குறைவு. திங்கள் என்பதால் நான் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், அவருடையது என்னுடையதைவிடச் சுத்தமான கண்டுபிடிப்பு.

ஆய்வாளர் எண்பது தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "தனித்தனித் தாளில் எழுத வெச்சாங்களா? யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். தையல்காரி என்றேன். அவரே கருவிகளோடு வந்து உங்கள் அளவைச் சரிபார்த்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். தாத்தாவின் கருவி எண்பத்து மூன்று ஆண்டு கழித்தும் மயிரிழை பிசகவில்லை என்றார்.

செய்தித்தாள் திருத்தம் போட்டது. பதினொன்றாம் பக்கம், காணாமல் போன பூனை விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி. எனக்கு அது போதவில்லை. குடைப் படத்தை எடுத்த தொலைக்காட்சிக்காரர்கள் காலை நேரலைக்கு மறுபடி அழைத்திருந்தார்கள், மக்கள் அறிவியல் வாரம் என்று ஏதோ. இதுவரை தட்டிக் கழித்து வந்தேன். நானே தொலைபேசியில் அழைத்து வருகிறேன் என்றேன்.

தொகுப்பாளர் என்னை அறிமுகம் செய்தார். "பொய்யைக் கண்டுபிடித்த..." என்று தொடங்கியதும் நான் குறுக்கிட்டேன். வாழ்க்கையில் நான் யார் பேச்சிலும் குறுக்கிட்டதில்லை.

"கண்டுபிடிக்கலை. நான் தப்பாச் சொன்னேன்."

அவர் சிரித்தார். "தன்னடக்கம்!"

"இல்ல. தப்பு. அவர் பொய் சொன்னார்ங்கிறதுக்கு என்கிட்டே எந்தச் சான்றும் இல்லை. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

யாரோ கேமராவுக்குப் பின்னால் கையால் வெட்டச் சொல்லிச் சைகை காட்டினார். எனக்குக் கொடுத்திருந்தது நான்கு நிமிடம். மூன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்தேன், மருத்துவமனை, மை, அத்தை, படி. கடைசியில் அந்தத் தொண்ணூற்றேழு எண்களை அவர் தொடாமல் விட்டதைச் சொன்னபோது தொகுப்பாளர் தாளைக் கீழே வைத்துவிட்டார்.  பிறகு கேமரா பிடித்திருந்தவர், "அடேங்கப்பா" என்றார். அது ஒளிபரப்பாகியது.

 வெளியே வந்தபோது, ஏணியில் நின்று கப்பலைப் பார்த்த நாளில் இருந்த கூச்சம் துளியும் இல்லை.

உங்கள் தெருவுக்கு ஆட்கள் வரக்கூடும். வேண்டாமென்றால் கதவைச் சாத்திவிடுங்கள்.

தங்கை


மே 5

தங்கச்சி,

கதவைச் சாத்துவதா? நான்கு வண்டி வந்தது. துறைமுகத்தில் மீன் இறக்குபவர்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள். கொக்கு புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தான் தடுக்கி விழுந்ததை ஒவ்வொருவருக்கும் விழுந்து காட்டினான். ஐந்தாவது முறை நிஜமாகவே முழங்கை சிராய்த்துவிட்டது.

அப்பா காலையிலேயே தானாகச் சவரம் செய்துகொண்டு, கடையில் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் வந்த அதே நிருபரும் வந்திருந்தார். பெயரைச் சொன்னதுமே அப்பா அவரை அடையாளம் கண்டுகொண்டார். தலையணைக்கு அடியிலிருந்த தாளை எடுத்து வரச் சொல்லி, விரித்து, பெயரைச் சரிபார்த்தார்.

"நீதானா? உட்காரு. நான் சொல்றேன், எழுது. எழுதி முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டு."

"நேரமில்லைங்க ஐயா..."

"எங்க அப்பாவுக்கு எண்பத்து மூணு வருஷம் ஆச்சு. உனக்கு அரைமணி ஆகாதா?"

கடை முழுக்கச் சிரிப்பு. அந்த மனிதர் எழுதினார். படித்துக் காட்டினார். அப்பா ஒரு வார்த்தையை நிறுத்தினார். "'உதவி செய்தார்'னு போட்டிருக்கே. அத்தை உதவி செய்யலை. அத்தைதான் செஞ்சாங்க. மாத்து." மாற்றினார். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் முறைதான் விட்டார்.

படம் எடுக்க விளக்குக்குக் கூட்டிப்போய், என்னை அந்தக் கோட்டுடன் படியில் நிற்கச் சொன்னார்கள். கடலைப் பார்க்கச் சொன்னார்கள். முடியாது, பாதரசத்தைத்தான் பார்ப்பேன் என்றேன். முதல் பக்கத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது. என் முதுகுதான் தெரிகிறது. தையல் நேராக இருக்கிறது.

மாலையில் அப்பா பெஞ்சுக்குப் போனார். சகாக்கள் எழுந்து நின்றார்களாம். எட்டு மணிக்குத்தான் திரும்பினார். தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

நீ ஒருமுறை வா. அளவெடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் நீ போட்டிருந்த சட்டைக்குத் தோள் சரியில்லை.

அக்கா


மே 12

அக்கா,

பதிவேடுகள் இன்று காலை பத்து மணிக்கு வெளியாயின. ஞாயிறுகள் எதையும் நீக்கவில்லை. முதல் தொண்ணூற்றேழுக்கும் அந்த ஒரு திங்களுக்கும் பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் திருத்தம் தனிக் கட்டத்தில் இருக்கிறது. தாத்தா எழுதிய எண்கள் அப்படியே இருக்கின்றன. புயலன்று மாலை நான்கு மணி அளவுதான் அந்தக் கரையில் இதுவரை பதிவானவற்றில் மிகக் குறைந்தது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

'பார்த்தவர்' என்ற கட்டத்தில், நாளுக்கு இரண்டாக, அத்தையின் முழுப் பெயர் முந்நூற்று முப்பது முறை வருகிறது. நான் எண்ணினேன்.

தங்கை